ஆறாவது முகம்

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, பகல் 2.40. மூன்றாம் மாடியில், படிக்கட்டை ஒட்டிய வீடு. ஐந்து வயதுச் சிறுமிக்கு வலி தொடங்கியது.

நேரங்களை என் வருகைக் குறிப்பேட்டிலிருந்து எடுத்து எழுதுகிறேன். நடந்ததில் ஒரு சொல் கூட்டவில்லை. நம்பாதவர்களோடு சண்டைக்கு வரமாட்டேன். போட வேண்டிய சண்டையை அன்றே போட்டுக் களைத்துவிட்டேன்.

நான் வீடு வீடாகப் போகும் நர்ஸ். குணமாகாத நோயுள்ள குழந்தைகளை வலியில்லாமல் வைத்திருப்பதுதான் எங்கள் குழுவின் வேலை. கட்டிலையும் நாங்களே இரவல் கொடுப்போம். அதன் பக்கக் கம்பியில் ஓர் அட்டை தொங்கும். அட்டையில் ஆறு முகங்கள். முதல் முகம் சிரிக்கும். ஆறாவது கதறி அழும். எவ்வளவு வலிக்கிறதோ அந்த முகத்தில் குழந்தை, துணி காயப்போடும் நீலக் கிளிப் ஒன்றை வைக்க வேண்டும்.

இந்தச் சிறுமிக்குப் பேச்சு போய் இரண்டு மாதம். கைகள் அசையாது. அவளிடம் பளிச்சென்று இருந்தது, அம்மா தலையில் குத்திவிட்ட மஞ்சள் ஹேர் கிளிப் மட்டும்தான்.

அவள் புருவம் சுருங்கியது. கால்கள் விறைத்தன. மருந்தைக் கூட்ட வேண்டும். அதற்கு அனுமதி வேண்டும். அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.

“ஃபார்ம்ல மூணாவது கட்டம் காலியா இருக்கே சிஸ்டர். குழந்தை எந்த முகத்தைக் காட்டுச்சு?”

“கை வராதுங்க மேடம். நான் பார்த்துச் சொல்றேன், கடுமையான வலி.”

“நீங்க சொல்றதுக்குக் கட்டமே இல்லையே. குழந்தை வெச்ச கிளிப்பை போட்டோ எடுத்து அனுப்புங்க. அப்பதான் டாக்டர்கிட்ட போகும்.”

2.55. மறுபடி போன். மீட்டிங்காம். 3.10. மறுபடி. அதே மூன்றாவது கட்டம்.

“இவ கையைத் தூக்கிக் காட்டினா நான் ஏன் சிஸ்டர் உங்களைக் கூப்பிடப்போறேன்? குத்தாட்டம் போட்டுட்டு இருக்க மாட்டேனா?” மகளின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே அம்மா சொன்னார். சிரிப்பது போலத்தான் சொன்னார்.

அப்போதுதான் கேட்டது.

டக்... டக்.

கம்பியில் எதையோ தட்டும் ஓசை. ஜன்னல் மூடியிருந்தது. மின்விசிறி ஓடவில்லை.

3.18. கிளிப் இரண்டாவது முகத்தில் இருந்தது. நான் வந்தபோது முதல் முகத்தில் பார்த்த ஞாபகம். அம்மா நகர்த்தியிருப்பார் என்று விட்டுவிட்டேன்.

3.26. டக்... டக்.

நான்காவது முகம்.

“நீங்க மாத்தினீங்களாம்மா?”

“எதை?”

அவருடைய இரண்டு கைகளும் மகளின் காலில்தான் இருந்தன.

3.31. மறுபடி போன். “ரூல்னு ஒண்ணு இருக்குல்ல சிஸ்டர்?”

சிறுமி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அதுதான் அவள் அழுகை.

போதும். நானே நகர்த்திப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுவது... வேலை போனால் போகட்டும். கிளிப்பை நோக்கிக் கை நீட்டினேன்.

விரல் படவில்லை...

கிளிப் வாயைத் திறந்தது.

மெதுவாக நகர்ந்தது.

ஆறாவது முகத்தில் மூடிக்கொண்டது.

டக்... டக்.

போட்டோ எடுத்தேன். முதல் படம் கலங்கிவிட்டது. 3.34க்கு இரண்டாவதை அனுப்பினேன். 3.41க்கு அனுமதி வந்தது. கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் மன்றாடியும் கிடைக்காதது, ஏழே நிமிடத்தில்.

4.05. சிறுமி தூங்கிவிட்டாள். கிளிப் முதல் முகத்துக்கு வந்திருந்தது. அம்மாவும் பார்த்தார்.

நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. திரும்பும் வழியில், கட்டில்களை வீடு வீடாகக் கொண்டுபோகும் எங்கள் டிரைவர் அண்ணனிடம் கேட்டேன். “இந்தக் கட்டில் முன்னாடி யார் வீட்டுல இருந்துச்சுண்ணே?”

“ஒரு பையன். ஏழு வயசு. பேச்சு வராது, கை நல்லா இருந்துச்சு. கிளிப்பை வெச்சிட்டுக் கம்பில ரெண்டு தட்டு தட்டுவான். நாம திரும்பிப் பார்க்கிற வரைக்கும் விடமாட்டான். சரியான வாலு.”

“கடைசி நாள்?”

அவர் கியரை மாற்றினார்.

“தட்டிட்டேதான் இருந்தான். அன்னிக்கு நெட்வொர்க் இல்ல சிஸ்டர். போட்டோ போகல.”

மறுநாள் அந்தப் பையனின் ஃபைலை எடுத்துப் பார்த்தேன். கடைசி வரி: ஆறாவது முகம். அனுமதி வரவில்லை.

சிறுமி அதன்பின் பத்தொன்பது நாள் இருந்தாள். ஒருமுறைகூட மருந்து தாமதமாகவில்லை. கட்டில் திரும்பி வந்தபோது துடைத்தது நான்தான். அட்டையில் நீலத் துணி கிளிப் இருந்தது. அதை ஒட்டி மஞ்சள் ஹேர் கிளிப். இரண்டும் முதல் முகத்தில்.

ஹேர் கிளிப்பைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று சிறுமியின் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

“அது அவளோடயே போயிடுச்சே சிஸ்டர். கடைசியா நான்தானே தலையில குத்தி அனுப்பினேன்.”

மூன்றாவது கட்டத்தை மாற்றச் சொல்லி நான்கு கடிதம் கொடுத்தேன். மாறவில்லை. ஏப்ரல் 7, திங்கட்கிழமை, கட்டில் அடுத்த குழந்தையின் வீட்டுக்குப் போனது. அட்டை ஒன்று. கிளிப் இரண்டு.