ஈரம் படாத பல்

இங்கே ஜெர்மனியில் பல்லுக்குக்கூடக் குடை பிடிக்கிறார்கள். கோஃபர்டாம் என்று பெயர். ரப்பர் விரிப்பில் ஓட்டை போட்டு, வேண்டிய பல்லை மட்டும் வெளியே எடுத்துவிட்டால் எச்சிலும் எட்டிப் பார்க்காது, பேச்சும் வராது. திருச்சியில் பல் டாக்டருக்குப் படித்த நான், லைசென்ஸ் பரீட்சை முடியும்வரை இங்கே வெறும் உதவியாளன். போன வாரம் டாக்டரம்மா ஒரு செராமிக் கேப்பை ஒட்டும்போது எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எச்சில் பட்டால் பசை பிடிக்காது என்பது புத்தகத்தில் படித்ததுதான், ஆனாலும் அப்போதுதான் உறைத்தது, அம்மாவின் பல் ஏன் ஒட்டவில்லை என்று.

ஸ்ரீரங்கத்தில் அம்மா ஜாக்கெட் தைக்கிறாள். நூலைக் கடித்துக் கடித்தே முன்பல் உடைந்தது. மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் கிளினிக் வைத்திருக்கும் என் கூட்டாளி காதர்தான் கேப் போட்டான். நம்மூரில் பல் கட்டுவது நிச்சயதார்த்தம் மாதிரி. கூட வந்தவர்கள் எல்லோரும் பார்த்து, "வெள்ளை கொஞ்சம் தூக்கலோ?" என்று சொல்லி முடித்தால்தான் டாக்டர் ஒட்டலாம். பஞ்சு வைத்து உலர்த்தி, மருந்தெல்லாம் தடவியபிறகு அம்மா கையைத் தூக்கியிருக்கிறாள். "ஒரே நிமிஷம் காதரு, பையன் பாத்துடட்டும்." பஞ்சை எடுத்துவிட்டு, கேப்பை விரலால் தாங்கிக்கொண்டு வீடியோவில் சிரித்தாள். "நல்லா இருக்கா கண்ணு? சாப்டியா?" நானும் விடாமல் பேசினேன். அதன்பிறகு ஒட்டியது இட்லிக்கே கழன்றது. இரண்டாம் முறையும் அதே சிரிப்பு, அதே கதி.

டாக்டரம்மாவிடம் எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். குடும்பமே வந்து பார்க்குமா, எதற்கு, புகார் கொடுக்கவா என்று கேட்டார். இல்லை, சும்மா பார்க்க என்றேன். அவருக்குப் புரியவில்லை. அதற்குமேல் எனக்கு ஜெர்மனும் வரவில்லை.

காதரைக் கூப்பிட்டேன். "எச்சில் பட்டிருக்குடா மச்சான். ரப்பர் ஷீட் போட்டுப் பாரேன்."

"என்கிட்டயும் இருக்கு, தூசி படிஞ்சு. அம்மா உன்னப் பாக்கணும்னு நிக்கிறப்ப வாயைக் கட்ட எனக்கு மனசு வரலைடா. நீ வேணா வந்து கட்டு. மிச்சம் இருக்கறது நகத்தளவு பல்லு. இதுவும் கழண்டா பிடுங்கிடணும்."

இப்போதெல்லாம் வீடியோவில் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் பேசுகிறாள். எனக்கு லீவு இல்லை. பரீட்சைக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்றும் தெரியாது. ஒரு நாட்டில் படித்துவிட்டு இன்னொரு நாட்டில் திரும்பப் படிக்கிறேன். அந்த முன்பல்லுக்கு நான் செய்யக்கூடிய வைத்தியம், அவள் கண்ணில் படாமல் இருப்பது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை கடைசி முயற்சி; ஷீட் போட ஒருவழியாகக் காதர் ஒத்துக்கொண்டான். ஷீட்டை மாட்டுவதற்கு முன்னால் அம்மா கட்டாயம் கூப்பிடுவாள். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் வாயில் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அடித்து ஓயும்வரை போனை எடுக்கக் கூடாது.