கண்டக்டர் மகளின் திருப்பதிப் பயணம்

எழுபதுகளின் நடுவில் சித்தூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு நர்ஸாக இருந்தேன். ஒரு பிள்ளைக்கு இனி வைத்தியம் எடுபடாது என்று தெரிந்தால், டாக்டர் பெற்றவர்களைத் தனியே கூப்பிட்டு "வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்பார். அதோடு எங்கள் வேலை முடிந்தது. போன பிள்ளை என்ன ஆனது என்று நாங்கள் யாரும் விசாரிக்க மாட்டோம். விசாரிக்கப் பயம், அவ்வளவுதான்.

ஒரு பெண்ணை மட்டும் என்னால் அப்படி விட முடியவில்லை. பத்து வயது, ரத்தப் புற்றுநோய். நான் ஊசி போடப் போனால், முதலில் என் பேனாவைப் பிடுங்கி எனக்கு ஒரு 'ஊசி' போட்டுவிட்டுத்தான் தன் கையை நீட்டுவாள். "அழக்கூடாது சிஸ்டரம்மா, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று நான் சொல்வதையே எனக்குச் சொல்வாள்.

அவளை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, டியூட்டி முடிந்ததும் அங்கே போக ஆரம்பித்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. டாக்டரிடம் கேட்டு வலிக்கு மருந்து வாங்கிப் போவேன். வாய்ப்புண்ணை எப்படித் துடைப்பது, முதுகு புண்ணாகாமல் எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று அவள் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். வேலை முடிந்தாலும் உடனே கிளம்ப மாட்டேன். அந்த அம்மாவுக்குப் பேச வேறு ஆள் இல்லை.

அப்பாவை மட்டும் வீட்டில் பார்த்ததே இல்லை. அவர் சித்தூர்–திருப்பதி பஸ்ஸில் கண்டக்டர். "டபுள் டியூட்டி கேட்டு வாங்கிக்கினு போறாரு. பொண்ணு தூங்கினப்புறம் வராரு, முழிக்கறதுக்குள்ள போயிடறாரு" என்றாள் அம்மா.

ஒருநாள் வலி அடங்கியிருந்த நேரம், "உனக்கு என்ன வேணும் கண்ணு?" என்று கேட்டேன்.

"நைனா பஸ்ல திருப்பதி போய்ட்டு வரணும். சாமி பாக்க இல்ல. நைனா டிக்கெட் குடுக்கறத பாக்கணும்."

அன்றைக்கே பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அவள் அப்பாவை நன்றாகத் திட்டிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். அந்த மனிதர் பஸ் படியில் உட்கார்ந்து டீயை ஆறவிட்டுக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் எழுந்து நின்றார்.

"அது என் மூஞ்சியப் பாக்குது சிஸ்டரம்மா. அழுவாம இருக்க எனக்குத் தெரியல."

திட்ட வந்த வார்த்தை எல்லாம் போய்விட்டது. "அழுதா அழுங்க அண்ணா. ஆனா அவ பக்கத்துல இருந்து அழுங்க" என்றேன்.

அவளை பஸ்ஸில் கூட்டிப்போக டாக்டர் தயங்கினார். வழியில் ஏதாவது ஆகிவிட்டால்? "வீட்டில் ஆனாலும் நம்மால் செய்ய ஒன்றுமில்லையே டாக்டர்" என்றேன். அவர் வழிக்கென்று கூடுதலாக மருந்து எழுதிக் கொடுத்தார்.

காலை பஸ். டிரைவர் தன் சீட்டுக்குப் பின்னால் இருந்த சீட்டில் கம்பளியை மடித்துப் போட்டு வைத்திருந்தார். அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பூதலப்பட்டு வருவதற்குள் விசில் அவள் கைக்கு வந்துவிட்டது. அவள் ஊதினால்தான் பஸ் கிளம்பும். ஊதத் தெம்பில்லாமல் வெறும் காற்று வந்தபோதும் டிரைவர் "ரைட்டு!" என்று வண்டியை எடுத்தார். படியில் நின்றவர்களை நைனா "முந்துகு ஜரகண்டி!" என்று அதட்ட, அவளும் மெல்லிய குரலில் "ஜரகண்டி, ஜரகண்டி" என்றாள். ஒரு பெரியவர் நிஜமாகவே நகர்ந்து முன்னால் போனார்.

சந்திரகிரி தாண்டியதும் கூட்டம் குறைந்தது. நான் எழுந்து அவருக்கு இடம் விட்டேன். அவர் உட்கார்ந்ததும் அவள் கேட்டாள்:

"எனக்கு நல்லாவாதுன்னுதான நீ வூட்டுக்கு வர்றதில்ல?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு, காக்கிச் சட்டையோடு, பயணிகள் பார்க்க, அழுதார். அவள் பாவாடை நுனியால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

"நாளைலருந்து வரியா?"

"வரேன்."

"அப்ப எனக்கு இட்லி வாங்கிக் குடு. துன்றேன்."

திருப்பதியில் அரை இட்லி சாப்பிட்டாள். பல நாளைக்குப் பிறகு அவள் வாய்க்குள் போன கெட்டியான சாப்பாடு அதுதான்.

மறுநாளே அவர் லீவு போட்டார். பெண்ணுக்குக் கஞ்சி ஊட்டுவதில் என்னை மிஞ்சிவிட்டார். மூன்று வாரம் கழித்து ஒரு நடுப்பகலில் அவள் அவர் மடியிலேயே போய்ச் சேர்ந்தாள். அவரே வார்டுக்கு வந்து சொன்னார். "வலி இல்லாம போச்சு சிஸ்டரம்மா. நான் இருந்தேன்." இரண்டாவது வாக்கியத்தை இன்னொரு முறையும் சொன்னார். நான் மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அதற்கப்புறமும் அவள் அம்மாவைப் பார்க்கப் போய்க்கொண்டுதான் இருந்தேன். முதல் சில மாதங்கள் மகளைப் பற்றி மட்டுமே பேசினாள், நான் கேட்டேன். பிறகு அவளே அவ்வப்போது வார்டுக்கு வந்து பிள்ளைகளுக்குத் தலை வாரிவிட்டுப் போவாள். அப்படி அவள் வந்திருந்த ஒருநாள், பலமனேரிலிருந்து வந்த ஒரு பையனை டாக்டர் வீட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டார். அவன் தாய் தரையை விட்டு எழவே இல்லை. நாங்கள் சொன்ன எதுவும் அவள் காதில் ஏறவில்லை. இந்த அம்மா போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு அந்தத் தாயின் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டு தெலுங்கில் சொன்னாள்:

"எழுந்திரும்மா. நானும் உன் கூட ஊருக்கு வரேன்."