இடக்கை வெட்டு

கஜானி பொய் சொல்கிறவள் அல்ல. அதற்கு றிஸ்லா சத்தியம் செய்வாள். நேரங்களைக்கூட அன்று கைபேசியில் கண்டது கண்டபடிதான் கஜானி சொன்னாள்.

வாவிக் கரையோரத்துப் பழைய மிஷன் வீட்டில் ஒரு ஹார்ப்சிகோர்ட் கிடந்தது. இத்தாலியில் செய்தது, பியானோவுக்கு மூத்த தந்தி வாத்தியம். உள்ளே சைப்பிரஸ் மரத்தில் அட்டைபோல மெல்லிய பெட்டி, விளிம்பெங்கும் தந்தக் குமிழ்கள். அதை ஏந்த வெளியே ஒரு முரட்டுப் பெட்டி. மூடி நிறையத் தோட்டமும் மயில்களும். தந்திகளுக்குக் கீழே தோல்தாளில் நுணுக்கமாய் வெட்டிய ரோஜா. ஞாயிறு திருநாளில் அது ஒலிக்காவிட்டால், கறையான் பிடித்த சாமான்களோடு எரித்துவிடுவதாகச் சபை முடிவு செய்திருந்தது.

ஆறு வாரத்தில் மூடியின் வண்ணத்தைக் கஜானி மீட்டுவிட்டாள். மிச்சம் இறகு வேலை. கட்டையை அமுக்கினால் ஒரு மரக்குச்சி எழும்பும். அதில் செருகிய காக இறகு முள் தந்தியைச் சுண்டும். நாற்பத்தொன்பது குச்சிகளுக்கும் புது முள் வெட்ட வேண்டும். பகலில் இது. இரவெல்லாம் படுக்கையில் கிடக்கும் அம்மாவைப் புரட்டிவிட வேண்டும். இரண்டுக்கும் அவள் ஒருத்திதான்.

வியாழன் மதியம். மரவேலை பார்க்கும் ஏறாவூர் றிஸ்லா சாப்பாடு வாங்கக் கிளம்பினாள். “காகமெல்லாம் உன்னக் கண்டாப் பறந்து ஓடுதுகா,” என்று சீண்டிவிட்டுப் போனாள். கஜானி கதவை உள்ளே தாழிட்டாள்.

2.10. பதினோராவது முள் முடிந்தது. பெட்டி விளிம்பில் தலையைச் சாய்த்தாள்.

சிக்... சிக்...

2.25. கண் விழித்தாள். பன்னிரண்டாவது குச்சியிலும் முள் இருந்தது.

அவள் வெட்டவில்லை. வெட்டு இடப்பக்கம் சரிந்திருந்தது. அவள் வலக்கைக்காரி.

பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தன் கையிலிருந்து ஒரு வேலையை இன்னொருவர் வாங்கி எத்தனை வருடம் என்றுதான் நினைத்தாள். அந்த நினைப்புக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னாள்.

“மிச்சத்தையும் நீயே வெட்டு.”

சிக்... சிக்...

காதருகே.

தலையைத் தூக்க முடியவில்லை.

தூக்க மனமுமில்லை...

3.40. றிஸ்லா கதவைத் தட்டினாள். தாழ் போட்டபடியே இருந்தது. நாற்பத்தொன்பதும் முடிந்திருந்தன. எல்லாம் ஈரம். வாவிச் சேற்றின் மணம்.

“எல்லாம் நீயாகா வெட்டின?”

“ஓம்.”

ஞாயிறு அது ஒலித்தது. எரிக்கவில்லை.

திங்கள் காலை, துடைப்பதற்காக உள்பெட்டியை வெளியே தூக்கினார்கள். இடைவெளியில் ஒரு குறிப்பேடு. முன்பு அதைப் பழுதுபார்த்த இத்தாலியத் துறவிச் சகோதரருடையது. கடைசிப் பக்கத்தைப் பாதிரியார் தமிழில் சொன்னார்: ‘களைப்பு. யாரோ வெட்டித் தருகிறார்கள். மிச்சத்தையும் வெட்டச் சொல்லிவிட்டேன்.’

அந்தத் தேதியிலிருந்து எட்டாம் நாள் அவர் உடல் வாவியில் மிதந்ததாகச் சபைப் பதிவேட்டில் இருந்தது.

தான் கழற்றிய பழைய முட்களைக் கஜானி தகரப் பேணியிலிருந்து கொட்டிப் பார்த்தாள். கொஞ்சம் வலக்கை வெட்டு. மற்றதெல்லாம் இடக்கை.

மாலையில் இதை றிஸ்லாவிடம் சொன்னாள்.

“பயமில்லகா. கனகாலத்துக்குப் பிறகு அண்டைக்குத்தான் நல்லா நித்திரை கொண்டன்.”

வியாழனிலிருந்து அது ஐந்தாம் நாள்.