பிரேக் போட்டால் கத்தும் வண்டி

ஜெயவேலுவின் பிக்கப் வண்டி எங்கள் ஸ்ரீராம்புரம் சந்து முனையில் முதன்முதலாகக் கத்திய நாளில், மூன்றாம் மாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த வேட்டி ஒன்று தானே நாலாக மடிந்து இறங்கி வீட்டுக்குள் போயிற்று. நம்பாதவர்கள் வேட்டிக்காரரையே கேட்கலாம். அவர் இப்போது வீடு மாறிவிட்டார்.

ஜெயவேலு தங்கவயல்காரர். சுரங்கம் மூடியபின் பெங்களூர் வந்து, பீன்யாவில் ஒரு பட்டறைக்கு வாடகை வண்டி ஓட்டுகிறார். பக்கத்து இருக்கையில் பதினோரு வருடம் அவர் மனைவி தனலக்ஷ்மி உட்கார்ந்து போனாள். அவளுக்கும் பீன்யாவில்தான் கார்மெண்ட்ஸ் வேலை. ஸ்டியரிங் அவர் கையில், வண்டி அவள் வாயில் என்று சந்தில் பேசிக்கொள்வோம். போன வருடம் மகள் யாமினியின் பிரசவத்துக்காக வேலையை விட்டுவிட்டுக் கோயம்புத்தூர் போனாள். குழந்தைக்குத் தலை நின்றதும் வருவதாகச் சொன்னாள். தலை நின்றது. தவழ்ந்தது. பல்லும் முளைத்தது. எட்டு மாதம் ஓடிவிட்டது.

ஜெயவேலு ஒரு நாளும் "வா" என்று கூப்பிடவில்லை. சாம்பாரில் உப்புக் குறைந்தால்கூட உப்பு ஜாடியைப் பார்த்துக்கொண்டே இருப்பாரே தவிர, வாய் திறந்து கேட்கிற ஆளில்லை.

தினமும் ஒரு மணிக்கு அவளிடமிருந்து ஃபோன் வரும். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், பாப்பா நல்லா இருக்கா, இருக்கா, வெச்சிடட்டுமா. ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு வண்டிக்குள் அவரும், ஆறிப்போன டிபன் பாக்ஸும்.

அப்போதுதான் இந்தச் சத்தம் வந்தது. பிரேக்கில் கால் வைத்தால் இரும்பை இரும்பு பிறாண்டுகிற மாதிரி ஒரு அலறல். அதுவும் சில நேரம்தான். அன்றைக்கு அதை அவளிடம் சொன்னார். ஈரத்திலா, இறக்கத்திலா, லோடு இருக்கும்போதா என்று அவள் துருவித் துருவிக் கேட்டதில் பேச்சு கால் மணி நேரம் ஓடிற்று. ஆஸ்டின் டவுன் டென்சிலிடம் காட்டச் சொன்னாள்.

டென்சில் அறுபது வயது மெக்கானிக். எதையும் காதால் கேட்காமல் கழற்ற மாட்டார். பக்கத்தில் ஏறி உட்கார்ந்து ஒரு சுற்று வந்தார். வண்டி வாயைத் திறக்கவில்லை. அவரை இறக்கிவிட்டுத் திரும்பினால் முதல் சிக்னலிலேயே ஊரைக் கூட்டியது. மறு வாரம் முன் சக்கர பிரேக் பேட் மாற்றினார். அதற்கடுத்த வாரம் பின் டிரம்மைத் திறந்து தேய்த்தார். ஒவ்வொரு முறையும் டென்சில் கூட வந்தால் மௌனம், தனியே போனால் அலறல். எல்லாம் ஒரு மணி ஃபோனில் கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தது. தனிமையில் இருந்து இருந்து காதுக்குள்ளேயே சத்தம் வருகிறதோ என்று டென்சில் சந்தேகப்பட்டார். எங்கள் சந்தே கேட்டிருந்தும், ஜெயவேலுவுக்கும் சில நேரம் அந்தச் சந்தேகம் வந்தது.

ஐந்தாம் முறை, பின் சக்கரங்களைக் கேட்பதற்காக டென்சில் பின்னால் சாமான் ஏற்றும் காலித் தொட்டியில் ஏறி நின்றார். வேகத்தடை மேட்டுக்கு முன் ஜெயவேலு பிரேக் போட்டார். வண்டி கத்திய கத்தலில் டென்சிலின் பல்செட் சட்டைப்பைக்குள் குதித்ததாகக் கேள்வி. இறங்கி முன்னால் வந்தார். வண்டியை நடைவேகத்தில் ஓட்டச் சொல்லி, ஜன்னல் வழியே கையை விட்டுக் காலி இருக்கையை அழுத்தியபடி கூடவே நடந்தார். பிரேக் போட்டபோது சத்தமில்லை. கையை எடுத்துக்கொண்டு இன்னொரு முறை போடச் சொன்னார். கத்தியது.

"உன் பிரேக் நல்லா கீது மேன். கத்துறது சீட்டு. அடியில ஒரு போல்ட்டு லூஸாகி, பிரேக் போட்டா சீட்டு காலு நகந்து தகரத்துல ஒரசுது. ஆளு உக்காந்தா அழுந்திக்கும். நான் உக்காந்து உக்காந்து கேட்டா எப்படிக் கேக்கும்? ஸ்பேனர் எடு, ரெண்டு நிமிஷம்."

மணி ஒன்றாகப் பத்து நிமிடம் இருந்தது. ஜெயவேலு ஸ்பேனரை எடுக்கவில்லை. டென்சில் அவர் முகத்தையும் இருக்கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டீ வாங்கப் போனார்.

ஃபோன் வந்தது. கண்டுபிடித்தாயிற்றா என்றுதான் முதலில் கேட்டாள்.

"பிரேக் இல்ல. நீ உக்கார்ற சீட்டு. காலியா இருந்தா கத்துதாம்."

அந்தப் பக்கம் குழந்தையின் கிலுகிலுப்பை மட்டும் கேட்டது.

"போல்ட்டை டைட் பண்ணச் சொல்லுங்க."

"பண்ணலாம்." ஜாடியைப் பார்க்கிற பழக்கத்தில் இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "ஆளு உக்காந்தாலும் நின்னுடுமாம்."

"எவ்ளோ வெயிட்டு இருக்கணுமாம்?"

"டென்சில் அறுபத்தஞ்சு கிலோ இருப்பாரு."

"நான் எளைச்சிட்டேங்க."

"பரவால்ல."

குழந்தை அழுதது; அப்புறம் பேசுவதாக வைத்துவிட்டாள். வருவதாகச் சொல்லவில்லை.

போல்ட்டை இப்போதைக்கு விட்டுவிடும்படி டென்சிலிடம் சொல்லிவிட்டு ஜெயவேலு கிளம்பினார். வழியெல்லாம் இருக்கை அலறியது. மல்லேஸ்வரம் சிக்னலில் ஒரு ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, பிரேக்கைக் கவனிக்கும்படி கன்னடத்தில் புத்தி சொன்னார். இவரும் சரி என்று தலையாட்டினார்.

மறுநாள் ஒரு மணிக்கு அவள் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

"டைட் பண்ணிட்டீங்களா?"

"இல்ல."

ஒன்றரை நிமிடம் கடந்தது; ஃபோன் ஓடிக்கொண்டிருந்தது. வெச்சிடட்டுமா என்று அவள் கேட்கவில்லை.