மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர்களிடம் சொன்னது

என் மகள் தொடங்கிய நிறுவனத்தின் தலைமை அவள் கையை விட்டுப் போனதற்கு நான்தான் காரணம். அவள் நாட்டை விட்டுப் போகப்போகிறாள் என்று அவளுடைய வெளிநாட்டுக் கூட்டாளிகளிடம் அவளுக்குத் தெரியாமல் சொன்னேன். பிறகு அவள் கேட்டபோது, அப்படி எதுவும் சொல்லவில்லை என்றேன். முதலாவதை யாராவது அறியாமை என்று மன்னிக்கலாம். இரண்டாவதற்கு என்னிடம் ஒரு சாட்டும் இல்லை.

மனைவி இறந்த பிறகு மகளும் நானும் கொழும்பில் வெள்ளவத்தையில், ரயில் பாதைக்குப் பக்கத்து மாடிக் குடியிருப்பு ஒன்றில் இருந்தோம். நான் அரசாங்கத்தில் பொறியியலாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். அவளும் அதே படிப்பைத்தான் படித்தாள். நாடு முழுக்க மின்வெட்டாக இருந்த காலத்தில், ஐஸ் கிடைக்காமல் மீன்காரர்கள் படும் பாட்டைப் பார்த்து, சூரிய ஒளியில் ஓடும் குளிர்ப்பெட்டி ஒன்றைச் செய்யத் தொடங்கினாள். பல்கலைக்கழகத்தில் கூடப் படித்த தோழி ஒருத்தி அவளோடு சேர்ந்துகொண்டாள். தெமட்டகொடையிலிருந்து வருகிற முஸ்லிம் பிள்ளை. வியாபாரம் தோழியின் பொறுப்பு. பெட்டி முழுக்க என் மகளின் மூளை. கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய களஞ்சிய அறையை வாடகைக்கு எடுத்து, ஆடைத் தொழிற்சாலையில் வேலை இழந்த சில பெண்களுக்கு வயர் பூட்டப் பழக்கினார்கள்.

முதல் பெட்டியை முச்சக்கர வண்டியின் பின்னால் பொருத்திக் கொடுத்தபோது மீன்காரர் ஒருவர் அதைத் திறந்து பார்த்தாராம். "மிஸ், இதுக்குள்ள மீன வைக்கிறதா, நான் ஏறிப் படுக்கிறதா?" என்று கேட்டாராம். சாப்பிடும்போது அதைச் சொல்லிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. "நிரந்தரமா ஒரு வேலையைப் பார்" என்றேன்.

பெட்டிக்குள் இருக்கும் கம்ப்ரசர்தான் அவர்களுக்குத் தலையிடி. இங்கே கிடைத்தவை மத்தியானத்துக்குள் பற்றரியைக் குடித்து முடித்துவிடும். டென்மார்க்கில் ஒரு சிறிய நிறுவனம் குறைந்த மின்சாரத்தில் ஓடும் கம்ப்ரசர் செய்வதை அறிந்து மகள் எழுதினாள். அவர்களுக்கும் ஒரு குறை இருந்தது: உப்புக் காற்றும் வெயிலும் சேர்ந்த இடத்தில் தங்கள் பொருள் எத்தனை காலம் தாங்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. அவள் கொட்டாஞ்சேனை வெயிலில் சோதித்து அளவுகளை அனுப்பினாள். அவர்கள் அதைப் பார்த்துப் பொருளைத் திருத்தி அனுப்பினார்கள். இப்படிப் பல மாதம் போன பிறகு, கூட்டு ஒப்பந்தம் செய்யலாம் என்று அங்கிருந்து ஒரு பெண் அதிகாரியும் ஒரு இளம் பொறியியலாளரும் புறப்பட்டு வந்தார்கள்.

தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஹோட்டலில் சாப்பாடு போடுவது நம் வீட்டுக்கு மரியாதையில்லை என்று நான் பிடிவாதம் பிடித்தேன்.

"அப்பா, அவை வேலை பாக்க வருகினம். பொம்பிளை பாக்க வரேல்லை."

"ரெண்டு பேருக்குச் சமைக்கிறது உனக்கு ஒரு பெரிய விசயமோ?"

சமைத்தாள். ஒப்பந்தம் பேச வந்தவர்கள் என்னோடு விறாந்தையில் இருந்தார்கள். அதைப் பேசவேண்டியவள் குசினியில் நண்டுக்கறியோடு நின்றாள். தோழி அவளுக்கு உதவியாக அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

உங்கள் மகளை நினைத்துப் பெருமையாக இருக்கும், இல்லையா என்று அந்தப் பெண் அதிகாரி கேட்டார். பெருமைதான், ஆனால் இந்த வருடத்துக்குள் அவள் கலியாணம் முடித்து ரொறொன்ரோ போய்விடுவாள் என்றேன்.

உண்மை என்னவென்றால், கனடாவில் இருக்கும் பையன் ஒருவனுக்கு ஒரு பேச்சு வந்திருந்தது. சாதகம் பொருந்தியிருந்தது. பையனின் தகப்பனோடு நான் ஃபோனில் கதைத்திருந்தேன். மகள் வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தாள். எல்லாப் பெண்பிள்ளைகளும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள் என்று நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. எங்கள் ஆட்களிடையே பெண்ணின் சம்மதம் மண்டபம் பதிந்த பிறகும் வந்து சேரும். அதோடு, காசு போட வந்தவர்களிடம் இதை மறைப்பது நேர்மையில்லை என்று வேறு நினைத்தேன். அந்தப் பெண் குசினிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். மேலே ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

ஒப்பந்தம் வந்தது. ஆனால் நிறுவனத்தின் தலைவியாக, நாட்டில் தொடர்ந்து இருக்கக்கூடிய தோழியின் பெயர் இருக்கவேண்டும் என்றும், என் மகள் தொழில்நுட்ப ஆலோசகராக இருக்கலாம் என்றும் எழுதியிருந்தார்கள்.

"நான் இருக்கமாட்டன் எண்டு ஆர் சொன்னது? அப்பா, நீங்கள் ஏதும் கதைச்சனீங்களோ?"

"நான் என்னத்தைக் கதைக்கிறது? நண்டுக்கறியைப் பற்றித்தான் கதைச்சது."

நம்பினாள். அவள் என்னை நம்பியதுதான் இன்றைக்கும் தாங்கமுடியாமல் இருக்கிறது. காரணம் கேட்டு எழுதப்போனால் எல்லாருடைய உழைப்பும் வீணாகிவிடுமோ என்று பயந்து ஒப்புக்கொண்டாள்.

நிறுவனம் வளர்ந்தது. பயிற்சிக்கு டென்மார்க் போனது தோழி. அங்கே கற்றதைக் கொண்டுவந்து வேலைமுறையையே மாற்றினாள், கெட்டிக்காரி. மாலைதீவிலிருந்து கேட்டார்கள். கேரளக் கடற்கரையில் பெண்கள் குழு ஒன்று இதே பெட்டியைப் பூட்டத் தொடங்கியது. அவர்களுக்கு வீடியோவில் சொல்லிக்கொடுத்தது என் மகள்தான். படங்களில் அவள் ஓரத்தில் நிற்பாள். ரொறொன்ரோக்காரர் வேறு இடத்தில் கலியாணம் முடித்தார். மகள் வேலைக்குப் பக்கம் என்று சொல்லிக் கொட்டாஞ்சேனையில் ஒரு அறை எடுத்துப் போனாள். நான் ஒருவனுக்குச் சோறு போடப் பழகினேன். இரண்டு பேருக்கு என்று கை தானாக அரிசி அள்ளும்.

புதிய வேலைத்தலம் திறந்தபோது அந்த டென்மார்க் பெண் மறுபடி வந்தார். தோழி என்னையும் அழைத்திருந்தாள். எல்லார் கையிலும் தேநீர் இருந்த நேரத்தில் நான் எழுந்து நின்று, ஆங்கிலத்தில், நடந்ததைச் சொன்னேன். கலியாணம் நிச்சயிக்கப்படவில்லை, அவள் சம்மதிக்கவும் இல்லை, பிறகு அவளிடமும் பொய் சொன்னேன் என்றேன். பெரிய துணிவான காரியம் செய்துவிட்டதாக எனக்குள் ஒரு நினைப்பு.

அந்த டென்மார்க் பெண்ணின் முகம் சிவந்தது. உங்கள் மகளிடம் நேரே கேட்காதது என் பிழை என்றார். தோழி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்ப அங்கிள், நான் இந்தக் கதிரையில இவ்வளவு நாளும் இருந்தது உங்கட ஒரு சொல்லாலயா?"

அவளைப் பற்றி நான் யோசித்திருக்கவேயில்லை.

மகள் என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். "இதை ஏன் எனக்கு முதல்ல சொல்லேல்லை?"

"எல்லாரும் அறியவேணும் எண்டு..."

"அண்டைக்கும் என்னைக் கேக்காமல்தான் கதைச்சீங்கள். இண்டைக்கும் என்னைக் கேக்காமல்தான் கதைச்சீங்கள்."

முச்சக்கர வண்டியை மறித்து, சாரதிக்குச் சிங்களத்தில் வழி சொல்லி, என்னை ஏற்றிவிட்டாள்.

பிறகு நடந்ததைத் தோழிதான் ஃபோனில் சொன்னாள். அவள் விலகுகிறேன் என்றிருக்கிறாள், என் மகள் வேண்டாம் என்றிருக்கிறாள். இருவரும் ஒரே அறையில் இருந்துகொண்டு கதைக்காமல் சில நாள் வேலை செய்திருக்கிறார்கள். கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்தே தலைமை என்று முடிவாகி, டென்மார்க்கிலும் ஒத்துக்கொண்டு, புதிய ஒப்பந்தத்தில் இருவருமே கையெழுத்து வைத்திருக்கிறார்கள்.

"என்னைப் பற்றி ஏதும் சொன்னவளோ?" என்று கேட்டேன்.

"அத அவக்கிட்டயே கேளுங்க அங்கிள். நான் நடுவுல வரமாட்டேன்."

மகள் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ஃபோன் எடுப்பாள். பிரஷர் குளிசை போட்டேனா, தண்ணீர் மோட்டர் திருத்தியாயிற்றா என்று கேட்பாள். வேலையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. வீட்டுக்கு வருவதுமில்லை. போன கிழமை ஃபோனை வைக்கப்போகும் நேரத்தில் கேட்டாள்.

"நீங்கள் ஒண்டும் கேக்கமாட்டீங்களோ?"

"கேக்க நிறைய இருக்கு. நீ சொல்லேக்க கேக்கிறன், பிள்ளை."

ரயில் ஒன்று போய் முடியும்வரை அவள் ஃபோனை வைக்கவில்லை.

"சரி அப்பா. வைக்கிறன்" என்றாள்.