பத்துக்கு நாலு

அடுத்தவர் சளியைப் பார்த்து அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. பரிசோதனைக் கூடத்தில் ஒன்பது வருட வேலை. காலை ஏழு மணிக்கே சிறுநீரும் மலமும் சளியுமாக டப்பாக்கள் வரிசை கட்டிவிடும். கையுறையை மாட்டி, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து, பெயர்ச் சீட்டை ஒட்டி, உள்ளே தள்ளிவிட்டு அடுத்ததை எடுப்பாள். அருவருப்பு என்று ஒன்று இருந்தால் அது வீட்டில்தான் இருந்தது.

வீட்டில் அவளுக்குப் பெயர் சிடுமூஞ்சி. வைத்தவர் அம்மா. அம்மா, தெருவுக்கே டீச்சர். முப்பத்துநாலு வருடம் விடைத்தாள் திருத்தி ஓய்வு பெற்றவர். கட்டின புருஷனே டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். வேலையிலிருந்துதான் ஓய்வு, திருத்துவதிலிருந்து இல்லை. சாப்பாட்டு மேசையில் மகளுக்கு எதிரே உட்கார்ந்து, அவள் வாய்க்குள் போவதையெல்லாம் மேற்பார்வை பார்ப்பார். "மெதுவா மெல்லு, சத்தம் வருது." "கடைவாய்ல ஒட்டியிருக்கு பாரு." பார்ப்பதற்குள் தன் கட்டைவிரலை நாக்கில் நனைத்து, எட்டி, அவரே துடைத்தும் விடுவார். மகளுக்கு வயது முப்பத்தொன்று.

அப்பா எட்டு மணிக்கு மேல் வருவார். "வயிறு சரியில்ல" என்று ஒரு டம்ளர் பாலைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார். பாவம், நோஞ்சான் மனிதர் என்று மகள் இரக்கப்படுவாள்.

மூன்று மாதத்தில் அவள் எட்டு கிலோ இளைத்தாள். வீட்டில் எதை வாயில் வைத்தாலும் இறங்கவில்லை. அம்மா கட்டிக் கொடுத்த மதியச் சாப்பாட்டின் மூடியைத் திறந்த கையோடு மறுபடி மூடிவிடுவாள். ஒருநாள் டப்பா வரிசைக்கு நடுவிலேயே மயங்கி விழுந்தாள். அங்கேயே ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், நோய் எதுவும் இல்லை. இப்படியே போனால் ஆள் தேறமாட்டாள் என்று சொல்லி, கூடத்து டாக்டர் மனநல ஆலோசகரிடம் அனுப்பினார்.

ஆலோசகர் நடுவயதுப் பெண்மணி. நாலு நாற்காலி போட்ட சின்ன அறை. "இதுல பல வகை இருக்கும்மா. மனசுல உள்ளத எல்லாம் தனியா உட்கார்ந்து பேசித் தீர்க்கிறது ஒண்ணு. ஓடுற எண்ணத்தப் பிடிச்சு, அது சரிதானான்னு சோதிக்கிறது ஒண்ணு. பயப்படுற விஷயத்தக் கொஞ்சம் கொஞ்சமா பழகிக்கிறதும் உண்டு. குடும்பத்தையே உட்கார வெச்சுப் பேசுறதும் உண்டு. உங்களுக்கு அந்த எண்ணச் சோதனையில ஆரம்பிக்கலாம்."

ஒரு நோட்டு. பக்கத்துக்கு மூன்று கட்டம்: என்ன நடந்தது, என்ன தோன்றியது, வேறு எப்படிப் பார்க்கலாம். சோதனை என்றதும் அவளுக்குப் பிடித்துப்போனது. எண்ணத்தையும் டப்பாவில் அடைத்துச் சீட்டு ஒட்டுகிற வேலைதானே. மூன்றாவது வாரம் அரைத் தட்டு உள்ளே போனது.

நாலாவது வாரம், அலமாரியில் துணிக்கு அடியில் ஒளித்துவைத்த நோட்டை எடுத்தால் பக்கமெல்லாம் சிவப்பு மை. 'அம்மா என்னை வெறித்துப் பார்க்கிறார்' என்று அவள் எழுதியதற்குக் கீழே கோடு: தவறு, அக்கறையாகப் பார்த்தேன். 'அந்த விரலை நினைத்தால் வாந்தி வருகிறது' என்பதற்கு நேரே: மிகைப்படுத்தல். கடைசியில் பத்துக்கு நாலு, மீண்டும் எழுதவும், கையெழுத்து. ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் எச்சில் ஈரம் வட்டமாகக் காய்ந்து சுருங்கியிருந்தது. டீச்சர் விரலை நாக்கில் தொட்டுத்தான் பக்கம் புரட்டுவார். அவள் குளியலறைக்கு ஓடினாள். சாப்பிட்ட அரைத் தட்டும் போனது.

"எழுதினதைப் பார்த்தா கை சும்மா இருக்குமா?" என்றார் டீச்சர். வெட்கம் என்பது மருந்துக்கும் இல்லை.

இனி குடும்பத்தோடு உட்காரத்தான் வேண்டும் என்றார் ஆலோசகர். "நான் வாய் திறக்கிற ஒரே இடம் இது, மேடம். அம்மா வந்தா இதுவும் போயிடும்" என்று அவள் அழுதாள். "போகாது, விட மாட்டேன்" என்றார் அவர்.

டீச்சர் அந்த நோட்டோடு வந்து, ஆதாரத்தைக் காட்டி இருபது நிமிடம் பேசினார். அடுத்து அப்பாவின் முறை. அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். "டீச்சர் சொன்ன மாதிரிதான்."

ஆலோசகர் எழுந்து அவருடைய நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டார். "இப்ப அவங்க முகம் தெரியாது சார். பேசுங்க."

அப்பா சுவரைப் பார்த்துச் சொன்னார்: "நான் கடையில சாப்பிட்டுட்டுத்தான் வீட்டுக்கு வர்றேன். பதினோரு வருஷமா. அங்க யாரும் என் வாயப் பார்க்க மாட்டாங்க."

"பதினோரு வருஷம்லாம் இருக்காது" என்று டீச்சர் திருத்தினார்.

மகள் அம்மாவின் பக்கம் திரும்பவே இல்லை. "என்னை ஏம்ப்பா கூட்டிட்டுப் போகல?"

"ரெண்டு பேரும் வீட்ல சாப்பிடலேன்னா டீச்சருக்குச் சந்தேகம் வந்துடும்மா" என்றது அந்த முதுகு. "ஒருத்தராவது மேசையில இருக்கணும்ல."

அம்மாவின் எச்சிலாவது கண்ணுக்குத் தெரிந்தது. இந்த நல்ல மனிதருக்காகவா இத்தனை நாள் உச்சுக் கொட்டினோம் என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆலோசகர் கேட்காமலேயே சொன்னாள்: "எனக்கு இவங்க ரெண்டு பேரையுமே பிடிக்கல. அடுத்த வாரம் நான் தனியா வர்றேன் மேடம். புது நோட்டு பரிசோதனைக் கூடத்துல, என் மேசையில பூட்டி இருக்கும்."

அன்று சாயங்காலம் அப்பா ஆறரைக்கே வீட்டுக்கு வந்து மேசையில் உட்கார்ந்தார். மகளைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தார். அவள் தன் தட்டில் தானே பரிமாறிக்கொண்டு, அதை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்த் தாழ் போட்டாள்.

"கதவைத் திற" என்று டீச்சர் ரெண்டு தடவை தட்டினார். அவள் திறக்கவில்லை. கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். ருசி தெரியவில்லை, ஆனால் இறங்கியது. வெளியே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. டீச்சர் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார்.

"மெதுவா மெல்லுங்க. சத்தம் வருது."

அவள் கடைசி வாய்வரை சாப்பிட்டாள்.