மூன்று வருடத் தகடு

ஆட்டோவில் இருப்பவர்களை எல்லாம் கீழே இறக்கிவிட்ட பிறகுதான் கேஸ் அடிக்க வேண்டும். சி.என்.ஜி. பங்கில் இதுதான் முதல் சட்டம். பாளையங்கோட்டைக்கு வெளியே புறவழிச் சாலையில் இருக்கும் பங்கில் நான் இந்த வேலை பார்க்கிறேன். இந்தச் சட்டத்துக்காகவே தினமும் திட்டு வாங்குகிறேன். திருப்பித் திட்டவும் செய்கிறேன்.

பங்க் திறந்த புதிதில் ஈ காக்கைகூட வரவில்லை. முதலாளி ஒரு கட்டு நோட்டீஸைக் கொடுத்து, ஆட்டோ ஸ்டாண்டுகளில் போய்ப் பேசு என்றார். வேலை முடிந்து போனேன். பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு ஸ்டாண்டில் ஏழு ஆட்டோக்கள் நிற்கும். அங்கே ஒருவன் நோட்டீஸைப் படித்துவிட்டு, "எக்கா, சிலிண்டர வச்சிக்கிட்டு ஓட்டுனா நான் வீட்டுக்குத் திரும்பி வருவேனா, நேரா மேல போயிருவேனா?" என்றான்.

"ஒன் பொண்டாட்டி கைக்கே தப்பிச்சிட்ட. இது ஒன்ன ஒண்ணும் செய்யாதுலே" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டாண்டில் மூத்தவரான அண்ணாச்சி மட்டும் சிரிக்காமல் கேள்வி மேல் கேள்வி கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். கடைசியில் அவர் தலையாட்டினார். அவர் தலையாட்டியதும், ஒரே பட்டறையில், ஒரே வாரத்தில் ஏழு ஆட்டோவிலும் சிலிண்டர் ஏறியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்று வருடத்துக்கு ஒரு முறை சிலிண்டரைக் கழற்றிச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பதை அவர்களிடம் நான் சொல்லவில்லை. அப்போது எனக்கே தெரியாது. தெரிந்த பிறகும், அதற்குத்தான் நாள் கிடக்கிறதே என்று இருந்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான்.

போன ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த வாரம். காலையில் அண்ணாச்சி வந்தார். வண்டியில் அடுத்த சோதனைக்கான கடைசித் தேதி அடித்த ஒரு சின்னத் தகடு உண்டு. அதைப் பார்த்தேன். முந்தின நாளோடு முடிந்திருந்தது. கேஸ் அடிக்கும் குழாயை அதன் கொக்கியிலேயே திரும்ப மாட்டிவிட்டேன்.

"தேதி முடிஞ்சிட்டு அண்ணாச்சி. அடிக்க மாட்டேன்."

"பள்ளிக்கூடத்துப் பிள்ளையெல்லாம் காத்துக்கிட்டு நிக்கும்மா. நேத்து அடிச்சியே, ஒரு ராத்திரியிலயா கெட்டுப் போச்சு? உள்ள என்ன மீன் கொழம்பா இருக்கு?"

இத்தனை நாளும் தகட்டைத்தான் பார்த்தேன். சிலிண்டருக்கு உள்ளே என்ன ஆகிறது என்று யோசித்ததே இல்லை.

அடுத்த இரண்டு நாளில் மற்ற ஆறு பேருக்கும் தேதி முடிந்தது. ஒன்றாகச் சேர்த்துவிட்டவள் நான். இப்போது ஒன்றாக நின்றார்கள். பெட்ரோலில் வண்டி ஓடும். ஆனால் மாதக் கட்டணத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிறவர்களுக்கு அதில் ஒன்றும் மிஞ்சாது. ஸ்டாண்டுக்குப் போனேன். ஏழு சிலிண்டரையும் பிடுங்கிப் பழைய இரும்புக் கடையில் போடப் போவதாகச் சொன்னார்கள்.

"ஒங்க பேச்சக் கேட்டுத்தான மாட்டுனோம்" என்றான் முதலில் கேலி செய்தவன். இப்போது அவன் சிரிக்கவில்லை.

"ஒரு நாள் பொறுங்கலே. ஏழையும் நானே சோதனைக்குக் கொண்டு போவுதேன். என்னத்ததான் பாக்கானுவன்னு நானும் பாத்துட்டு வாரேன்."

"நானும் வாரேன்" என்றார் அண்ணாச்சி. "நீ எதையாவது பாத்துட்டு எதையாவது சொல்லுவ."

லோடு வண்டியில் சிலிண்டர்களை ஏற்றிக்கொண்டு மதுரைப் பக்கம் இருந்த சோதனைக் கூடத்துக்குப் போனோம். கேஸை வெளியேற்றிவிட்டு, சிலிண்டருக்குள் தண்ணீர் நிரப்பி, தண்ணீர் நிறைந்த ஒரு பெரிய இரும்புத் தொட்டிக்குள் அதை இறக்கி மூடினார்கள். தொட்டியிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாய் மேலே போனது. சோதிப்பவர் சிலிண்டருக்குள் அழுத்தம் கொடுக்கக் கொடுக்க, குழாயில் தண்ணீர் ஏறியது.

"ஓட்டை இல்லியே, இந்தத் தண்ணி எங்கருந்து வருது?" என்று கேட்டேன்.

"சிலிண்டர் உப்புதுக்கா. அது உப்புற அளவுக்குச் சுத்தி இருக்க தண்ணி மேல ஏறுது."

"இரும்பா உப்புது?"

"இரும்புதான்."

அழுத்தத்தை விட்டதும் தண்ணீர் பைய இறங்கிப் பழைய கோட்டுக்கு வந்தது. இன்னொரு தடவை செய்து காட்டச் சொன்னேன். முடியாது என்றார். நானும் அண்ணாச்சியும் குழாய்க்குப் பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டோம். நான்கு சிலிண்டர்கள் உப்பித் திரும்பின. ஐந்தாவது அண்ணாச்சியுடையது. அது ஏறியது. இறங்கும்போது கோட்டுக்கு மேலே ஒரு விரல் அளவில் நின்றுவிட்டது. சோதிப்பவர் குழாயைத் தட்டிப் பார்த்தார். தண்ணீர் அசையவில்லை.

"உப்புனது முழுசா திரும்பலண்ணே. இனி அழுத்தம் தாங்காது, செல்லாது."

"இந்தச் சிலிண்டருக்கு முன்னாலதான பிள்ளையள உக்கார வச்சிக் கொண்டு போனேன்" என்றார் அண்ணாச்சி. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

நான் சொன்னது சரியாகிப்போனதில் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தேதி முடிகிற நாள் வரைக்கும் அதில் அழுத்தி அடித்தது என் கைதான். தகடு சரியாக இருந்தது, அதனால் அடித்தேன்.

மற்ற இரண்டும் தேறின. தோற்றதில் துளை போட்டுத் தனியே உருட்டிவிட்டார்கள். திரும்பி வரும்போது கோவில்பட்டியில் டீ குடிக்க நிறுத்தினோம். டீக்கடையில் வைத்து அண்ணாச்சி, "ஸ்டாண்டுல வந்து நீயே சொல்லணும். நல்லதச் சொல்ல வந்தேல்லா, இதையும் சொல்லு" என்றார்.

மறுநாள் போய்ச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. கேலிக்காரன் கேட்டான்: "அப்போ மிச்ச ஆறும் நல்லாருக்கா?"

"நேத்து நல்லாருந்துச்சு."

"நாளைக்கு?"

"தெரியாதுலே. அடி பட்டாலோ துரு ஏறுனாலோ தேதிக்கு முன்னாலயே கொண்டு வாங்கன்னு சொன்னாவ."

அண்ணாச்சி புதுச் சிலிண்டர் மாட்டப் போவதாகவும், மூன்று வருடம் காத்திருக்காமல் நடுவில் ஒரு தடவை சோதிக்கக் கொண்டுபோவதாகவும் சொன்னார். "வந்து அந்தக் கண்ணாடிக் குழாயப் பாருங்கலே. பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்றார்.

நான்கு பேர் அவரோடு நின்றார்கள். கேலிக்காரனும் இன்னொருவனும் அந்த வாரமே சிலிண்டரைக் கழற்றிவிட்டுப் பெட்ரோலுக்கே திரும்பிவிட்டார்கள். அவர்களை நான் தடுக்கவில்லை.